கல்ஃப் வேலைய விட்டுட்டு லாங் ரூட் லாரிக்குப் போகலாமா?

தம்பி கேட்டது இதுதான். வயசு 36, ஊரு மார்த்தாண்டம் பக்கம், கத்தார்ல ஏசி மெக்கானிக்கா இருந்து வேல போயி ஊருக்கு வந்தாச்சு, கார் லைசென்ஸ் பல வருஷமா இருக்கு, இனி லாங் ரூட் லாரி ஓட்டலாம்னு ஒரு ஆசை. ஹெவி லைசென்ஸ் எப்படி எடுக்கது, வேல எப்படி கெடைக்கும், கையில இருக்க 12 லட்சத்தப் போட்டு ஒரு வண்டியே எடுத்துரலாமா, வீட்டுக்காரி பயப்படுதா, அவளுக்கு என்ன சொல்லதுன்னு கேட்டிருக்கான்.

மொதல்ல பதில சொல்லிருதேன், காரணம் பொறவு சொல்லுதேன். லாரிக்குப் போகலாம், 36 ஒண்ணும் வயசே இல்ல. வண்டி இப்ப எடுக்காத. கைத்தொழில் ஒண்ணு வெச்சிருக்கியே ஏசி மெக்கானிக்னு, அத விட்டுட்டு லாரிக்கு வராத, அதையும் தூக்கிட்டு வா. இங்க பாதிப் பேரு உனக்கு லைசென்ஸ் எடுக்க வழி மட்டும் சொல்லிட்டுப் போயிருவாங்க, இந்தக் கடைசி விஷயத்த ஒருத்தனும் சொல்ல மாட்டான், அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுதேன்.

லைசென்ஸ் விஷயம் லேசுதான். ஹெவி டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு 20 வயசு முடிஞ்சிருக்கணும், கார் லைசென்ஸ் கையில வந்து ஒரு வருஷமாவது ஆயிருக்கணும், உனக்கு ரெண்டும் இருக்கு. எட்டாம் கிளாஸ் பாஸ் பண்ணிருக்கணும்னு முன்ன ஒரு சட்டம் இருந்துது, 2019ல அத எடுத்தாச்சு. பரிவாகன் வெப்சைட்ல எல்எல்ஆர் போடணும், டாக்டர்கிட்ட ஃபார்ம் 1ஏ வாங்கணும், டிரைவிங் ஸ்கூல்ல இருந்து ஃபார்ம் 5 சர்ட்டிபிகேட் வேணும், எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீஸ்ல பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால ஓட்டிக் காட்டணும். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருஷத்துக்குத்தான், பொறவு புதுப்பிக்கணும். கண்ண மட்டும் முன்னாலயே டெஸ்ட் பண்ணிக்கோ, ராத்திரி எதுக்க வார லைட்டுல கண்ணு கூசி ரோடு தெரியாம போற ஆளு கொஞ்ச பேரு உண்டு, அவங்களுக்கு இந்தத் தொழில் வேண்டாம்.

டிரைவிங் ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுப்பான்னா, ஒரு பழைய ஆறு சக்கர வண்டி, காலி வண்டி, அத மைதானத்துல எட்டு போட வெப்பான், அவ்வளவுதான். சர்ட்டிபிகேட்டுக்கு அது போதும், ரோட்டுக்குப் போதாது. கொஞ்சம் காசும் நேரமும் இருந்தா நாமக்கல்ல அசோக் லேலண்ட் டிரைவர் டிரெயினிங் இன்ஸ்டிடியூட் இருக்கு, கும்மிடிப்பூண்டில ரோடு டிரான்ஸ்போர்ட் இன்ஸ்டிடியூட் இருக்கு, ரெண்டுல ஒண்ண விசாரிச்சுப் பாரு. 2021க்குப் பொறவு அங்கீகாரம் குடுத்த டிரெயினிங் சென்டர்கள்ல ஹெவிக்கு 6 வாரம், 38 மணி நேரம் பாடம், அதுல பாஸானா ஆர்டிஓ டெஸ்ட் தனியா கிடையாது. ஆனா சேருக முன்ன அந்த சென்டருக்கு அங்கீகாரம் இருக்கான்னு பேப்பர காட்டச் சொல்லு, போர்டு மட்டும் பெருசா வெச்சிருக்கவன்லாம் உண்டு.

லைசென்ஸ் வருகது வரைக்கும் சும்மா இருக்காத. 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிய சாதாரண கார் லைசென்ஸ வெச்சே ஓட்டலாம்னு சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்ச் தெளிவா சொல்லியாச்சு. நம்மூர்ல மீன் டெம்போ, வாழைக்குல டெம்போ, ரப்பர் ஷீட் ஏத்துற வண்டி எத்தன ஓடுது, அதுல ஏதாவது ஒண்ணுல மூணு நாலு மாசம் ஓட்டு. காரணம் என்னன்னா, ஸ்டியரிங் புடிக்கது உனக்குத் தெரியும், லோடு தெரியாது. லோடு ஏறின வண்டி பிரேக் புடிச்சா நிக்கது வேற தூரம், வளைவுல சாயுறது வேற மாதிரி, பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்துல வராம உள்ள வெட்டி வரும், மார்த்தாண்டம் சந்தையிலயும் தக்கலை ரோட்டுலயும் டெம்போவ வெச்சுப் பழகினவனுக்குப் பொறவு பத்து சக்கரம் கையில குடுத்தா வெப்ராளம் வராது. தார்ப்பாய் விரிச்சுக் கயிறு கட்டுகது, லோடுமேன்கிட்ட பேசுகது, பில்லப் பாத்து எண்ணி ஏத்துகது இதெல்லாம் ஸ்கூல்ல கிடையாது கேட்டியா.

இனி ஏசி விஷயம். நம்ம மாவட்டத்துல சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம்னு நாலு மீன்பிடித் துறைமுகம். மீனு ஐஸ்ல போவுது, தூரமா போனா ஃப்ரீசர் வண்டியில போவுது. அந்த ரீஃபர் வண்டிக்கு ஆளு கிடைக்காம ஓனர்மார் அலையுதாங்க. சாதாரண டிரைவருக்கு அந்த மெஷின் ஒரு பொட்டி, மேல டிஸ்பிளேல சிவப்பு லைட் எரிஞ்சா ஓனருக்கு போன் பண்ணுவான், ஓனர் மெக்கானிக்குக்கு போன் பண்ணுவான், மெக்கானிக் கோயம்புத்தூர்ல இருந்து வருகதுக்குள்ள நாக்பூர் வெயில்ல லோடு போச்சு. உறைஞ்ச மீனுக்கு மைனஸ் 18 டிகிரி கட்டாயம் வேணும், மருந்துன்னா 2ல இருந்து 8, வாழப்பழம்னா 13, 14, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு, பார்ட்டி எறக்குமிடத்துல லாகர் மெஷின்ல இருந்து மொத்த வழியிலயும் சூடு எவ்வளவு இருந்துதுன்னு ரிப்போர்ட் எடுப்பான், நடுவுல ஏறியிருந்தா மொத்த லோடையும் வேண்டாம்னு திருப்பி அனுப்பிருவான். நீ என்ன செய்வ? பெல்ட்ட பாப்ப, கண்டென்சர் ஃபேன பாப்ப, கண்டென்சர்ல மண்ணு அடைஞ்சிருக்கான்னு பாப்ப, காயில்ல ஐஸ் கட்டியிருந்தா டீஃப்ராஸ்ட் போடுவ, ஆர்404ஏ கேஸ் கம்மியான்னு சத்தத்துலயே சொல்லிருவ. ரெண்டு வேலைக்கு ஒரே ஆளு. ஓனர் சொல்லுறத விட கூட சம்பளம் கேக்க உனக்குத் தைரியம் வரும், அவனும் குடுப்பான்.

ஆனா ரீஃபர்ல நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு இருக்கு, ஏசி தொழில்ல இருந்து வாரவனும் இதுல இடறுவான். அந்த மெஷின் சூடான சரக்க குளிர வெக்காது, ஏற்கனவே குளிர்ந்த சரக்க அப்படியே காப்பாத்தும், அவ்வளவுதான் அதுக்கு சக்தி. அதனால லோடு ஏத்துக முன்ன பாடிய முன்னாலயே குளிர வெச்சுக்கணும், ஏத்தும்போது பெட்டிக்குள்ள தெர்மாமீட்டர குத்திப் பாத்து அந்த நம்பர எல்ஆர்லயே, அதாவது லோடுக்கு குடுக்க லாரி ரசீதுலயே எழுதி கம்பெனிக்காரன்கிட்ட கையெழுத்து வாங்கணும். மைனஸ் 10ல குடுத்துட்டு மைனஸ் 18ல ஏன் எறக்கலன்னு உன் தலையில கட்டப் பாப்பான். பெட்டிய கூரை முட்ட அடுக்க விடாத, மேல காத்து போகணும், தரையில இருக்க பள்ளத்த அடைக்க விடாத, திரும்பி வார காத்து அது வழியாத்தான் வரும். டீக்கடையில நிறுத்தும்போது மெஷின ஆஃப் பண்ணி டீசல் மிச்சம் புடிக்கவன் உண்டு, அந்தப் பழக்கத்த பாத்தாலே அந்த வண்டியில ஏறாத.

ஒரு குறை உண்டு. சின்னமுட்டத்துல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடல் கணக்குல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும். மீன மட்டும் நம்புற ஓனருக்கு அந்த மாசங்கள்ல வண்டி ஷெட்டுல கெடக்கும், உனக்கு தினப்படியும் வராது. பால், ஐஸ்கிரீம், மருந்து லோடும் கையில வெச்சிருக்க ஓனரா பாத்துப் போ.

வேல எப்படி இருக்கும்னு கேட்டா, ஓட்டுகது அதுல ஒரு பங்குதான். நீளமான பெரிய ரோடு ரெண்டு நம்ம கன்னியாகுமரிலதான் வந்து முடியுது. ஸ்ரீநகர்ல இருந்து வார என்எச் 44 ஒண்ணு, மும்பை பக்கம் பன்வேல்ல இருந்து கடலோரமா கொச்சி, திருவனந்தபுரம் வழியா களியக்காவிளைக்குள்ள நுழையுற என்எச் 66 இன்னொண்ணு. கேக்க நல்லாருக்கு. ஆனா நாகர்கோவில்ல இருந்து டெல்லிக்கு 2,800 கிலோமீட்டர் சுமாரா ஓட்டிட்டுப் போயி அங்க குடோன் வாசல்ல ரெண்டு நாள் நிக்கணும், உள்ள எடம் இல்ல, லேபர் இல்ல, மேனேஜர் லீவு, ஏதாவது ஒண்ணு சொல்லுவான். அந்த ஹால்டிங் காசு யாருக்கு, ஓனருக்கா உனக்காங்கறத மொதல் நாளே பேசிக்கணும். எறக்கினா ரிட்டர்ன் லோடுக்கு புரோக்கர் ஆபீஸ்ல காத்திருக்கணும், மோர்பி டைல்ஸ், நாசிக் வெங்காயம்னு ஏதாவது அமையுகது வரைக்கும் வண்டிதான் வீடு. இந்தி தெரியலன்னா அங்க உன்ன வித்துருவான். நீ கல்ஃப்ல இருந்தவன், இந்தியும் கொஞ்சம் மலையாளமும் இருக்கும், அதுவே உனக்குப் பெரிய முதல்.

வேகம் பத்தி ஒரு வேடிக்கை சொல்லுதேன். சரக்கு கூடவே போற ஜிஎஸ்டி சீட்டு இருக்கே, இ-வே பில், அது செல்லுற கணக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அப்பம் டெல்லிக்கு 14 நாள் டைம் இருக்கு. ஆனா ஆபீஸ்ல இருந்து போன் பண்றவன் ஒரு நாளைக்கு 600 ஓட்டு, 700 ஓட்டுன்னு நிப்பான். சர்க்கார் அவசரப்படல, அவசரப்படுறது எல்லாம் நடுவுல இருக்கவன்தான். 1961ல போட்ட மோட்டார் தொழிலாளர் சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அஞ்சு மணி நேரம் ஓட்டினா அரை மணி நேரம் ரெஸ்ட்னு எழுதி வெச்சிருந்துது, எந்த டிரைவரும் அத கண்ணால கண்டதில்ல. நீயா ஒரு சட்டம் போட்டுக்கோ, ராத்திரி ரெண்டு மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும் வண்டி நிக்கணும், டபுள் டிரைவர் இருந்தாலும் அந்த நேரம் அவனுக்கும் தூக்கம்தான் வரும். மீன் வண்டில இதுக்கு சண்ட வரும், ஏலத்துக்கு முன்ன சேரணும்பான். அதனாலதான் ஐஸ் மீன் லைன விட உறைஞ்ச மீன் லைன் நல்லதுன்னு சொல்லுதேன், அதுல ரெண்டு மணி நேரம் பிந்தினா ஒண்ணும் கெட்டுப் போகாது.

சம்பளம் மூணு வகை. மாசச் சம்பளமும் ஓடுற நாளைக்கு படியும், இல்லன்னா வாடகையில இத்தன சதவீதம், இல்லன்னா டிரிப்புக்கு மொத்தமா ஒரு தொகை குடுத்து டீசல், டோல், வழிச்செலவு போக மிஞ்சினது உனக்கு. மூணாவது கேக்க ஆசையா இருக்கும், புதுசா வாரவனுக்கு அது ஆகாது. ஏன்னு கணக்கு போட்டுப் பாரு. லோடோட லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுத்தா டெல்லிக்கு 700 லிட்டர் டீசல், 3.5 குடுத்தா 800 லிட்டர். இந்த 100 லிட்டர் ஒம்பதாயிரம் ரூபாய்க்கு மேல, போக ஒரு தடவைக்கு. பழைய டிரைவர் கியர் மாத்துற பழக்கத்துலயே அந்த அரை கிலோமீட்டர புடிச்சிருவான், உனக்கு அது வர ஒரு வருஷமாவது ஆகும், அதுவரைக்கும் உன் கையில இருந்து போகும். மாசச் சம்பளம், படி, அத பேங்க் அக்கவுண்ட்ல போடுற ஓனர், இதுதான் மொதல் வருஷத்துக்கு. ஓனர பத்தி விசாரிக்க நல்ல எடம் அவன் ஆபீஸ் கிடையாது, அவன் வண்டி டயர் போடுற பட்டறை. டயர் எப்படி போடுதான், தேஞ்ச டயர்ல புது ரப்பர் ஒட்டின ரீட்ரெட் டயர முன்னால மாட்டுதானா, கடைசியா எந்த டிரைவர் எதுக்கு வேலைய விட்டு நின்னான், எல்லாம் அங்க தெரியும். மொதல் ஒண்ணு ரெண்டு டிரிப்பு கிளீனராவோ செகண்ட் டிரைவராவோ போகச் சொன்னா கௌரவம் பாக்காத, 36 வயசுல 25 வயசு டிரைவருக்கு கீழ உக்காரத்தான் வேணும்.

ரோட்டுல ரெண்டு எடத்த மட்டும் சொல்லுதேன். ஒண்ணு நம்ம வாசல்லயே இருக்கு, ஆரல்வாய்மொழி, முப்பந்தல். காத்தாடி வெச்சிருக்கானே, எதுக்கு வெச்சிருக்கான், கணவாய் வழியா காத்து பிச்சு எறியும். ஆடி மாசம் காலியா ஒரு ரீஃபர் பாடியோ கன்டெய்னரோ கொண்டு போனா பாய் விரிச்ச வள்ளம் மாதிரி பக்கவாட்டுல தள்ளிட்டுப் போகும், பெரிய வண்டிய ஓவர்டேக் பண்ணி அதோட மறைவுல இருந்து வெளிய வருகப்பம்தான் திடீர்னு அடிக்கும். அங்க 40க்கு மேல வேண்டாம். இன்னொண்ணு தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவுல தொப்பூர் கணவாய். பெங்களூர்ல இருந்து இறங்கி வாரவன் டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுவான், எஞ்சின் புடிப்பு போயிரும், மொத்த எடையும் பிரேக் டிரம்மேல உக்காரும், டிரம் சூடாகி லைனிங் புடிக்காம போகும், மிதிச்சு மிதிச்சு பிரேக்குக்கு உள்ள காத்து பிரஷரும் கொறையும். பொறவு முன்னால போற காரு என்ன பாவம் பண்ணுச்சு. ஏறுன கியர்லயே இறங்கு, எஞ்சின் புகைய அடைச்சு வேகத்த கொறைக்க எக்ஸாஸ்ட் பிரேக் போடு, கால் பிரேக்க விட்டு விட்டு புடி. பூனா பக்கம் கம்பாட்கி காட்லயும் இதே கததான். பிஎஸ்6 வண்டில புகைய சுத்தம் பண்ற யூரியா தண்ணி டேங்க் காலியாக விடாத, வண்டி இழுக்காம போயிரும், அதுவும் மேட்டுலதான் போகும் சவம்.

டாரஸ்னு சொல்லுற டிப்பர் லாரில கல்லு, எம்சாண்ட் ஏத்தி கேரளாவுக்கு ஓட்டுற வேல நம்மூர்ல சட்டுனு கெடைக்கும், தெனம் வீட்டுக்கு வரலாம்னு ஆசை காட்டுவாங்க. எனக்கு அதுல மனசில்ல. நடைக்கு இவ்வளவுன்னு காசு, அதனால விரட்டு, ஓவர்லோடு. பத்து சக்கர வண்டிக்கு 2018ல கூட்டின பொறவும் வண்டியோட சேத்து 28.5 டன்தான் சட்டம், ஓவர்லோடுக்கு ஃபைன் 20,000ல ஆரம்பிச்சு கூடுதல் டன் ஒவ்வொண்ணுக்கும் 2,000. ஃபைன் ஓனர் கட்டுவான், சரி. சர்க்கார் அனுமதிச் சீட்டு (பாஸ்) இல்லாத லோடா இருந்தா கேஸ்ல டிரைவர் பேரும் வரும்லா, அத யாரு கட்டுவா?

வண்டி வாங்குறது. 12 லட்சம் முன்பணம் கட்டினா ஃபைனான்ஸ்காரன் வீட்டுக்கே வந்து மாலை போடுவான். புது பெரிய வண்டி பாடி கட்டி ரோட்டுக்கு வருகதுக்கு 30 லட்சத்த தாண்டும், ரீஃபர்னா மெஷினுக்கும் இன்சுலேட்டட் பாடிக்கும் அதுக்கு மேல தனியா போகும். மாசம் தவறாம டியூ, வருஷம் இன்சூரன்ஸ், எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க எஃப்சி (வண்டி தகுதி சர்ட்டிபிகேட்), பொறவு வருஷா வருஷம், டயர் ஒண்ணு இருபதாயிரத்த ஒட்டி, அது பத்து சக்கரம். லோடு உன் கையில இல்ல, வாடகைய தீர்மானிக்கது புரோக்கர், பாக்கி வருகதுக்கு மாசக் கணக்காகும், ஆனா டீசலும் டோலும் அன்னன்னைக்கு ரொக்கம். ஒத்த வண்டி ஓனரா இருந்து டியூ கட்ட முடியாம வண்டி சீஸ் ஆகி பொறவு அடுத்தவன் வண்டிக்கு டிரைவரா போனவங்கள நம்ம பக்கம் தேட வேண்டாம். ரெண்டு வருஷம் ஓட்டு, நேரா லோடு குடுக்க ஒரு மீன் கம்பெனியோ ஐஸ்கிரீம் கம்பெனியோ உன்ன பேரு சொல்லி கூப்பிடுற அளவுக்கு வரட்டும், அப்பம் யோசி. அந்த 12 லட்சம் பேங்க்லயே கெடக்கட்டும்.

ஐரோப்பாவுக்கு டிரைவர் வேலன்னு ஏஜென்ட்மார் சுத்துவாங்க, உன்ன மாதிரி கல்ஃப் ரிட்டர்ன்தான் அவனுக்கு இரை. மத்திய சர்க்காரோட இ-மைக்ரேட் சைட்ல பதிவு இருக்க ஏஜென்ட்டான்னு பாக்காம ஒரு ரூபாய் குடுக்காத.

இனி வீட்டுக்காரி. பயம் நியாயமானது, சும்மா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா நம்ப மாட்டா, பேப்பர காட்டு. வண்டி இன்சூரன்ஸ் பாலிசில சம்பளம் வாங்குற டிரைவருக்கு தனியா பிரீமியம் கட்டியிருக்கான்னு ஓனர்கிட்ட கேட்டு அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பு, கட்டாத ஓனர் வேண்டாம். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்துல பதிவு பண்ணு, விபத்து உதவி, பிள்ளைங்க படிப்பு உதவி எல்லாம் உண்டு, நாகர்கோவில்ல தொழிலாளர் நலத்துறை ஆபீஸ்ல கேட்டா வழி சொல்லுவாங்க. உன் பேர்ல ஒரு டேர்ம் இன்சூரன்ஸ், அதுல தொழில் லாரி டிரைவர்னே எழுது, மறைச்சு எழுதினா நாளைக்கு அவளுக்கு காசு வராது. ஆள அடிச்சு உயிர் போயி, போலீசுக்கு சொல்லாம ஓடினா 10 வருஷம் ஜெயில்னு சட்டம் வந்தாச்சாமேன்னு அவ கேட்டிருப்பா. அது பாரதிய நியாய சன்ஹிதாங்கற புது குற்றவியல் சட்டத்துல 106(2) பிரிவு, 2024 ஜனவரில டிரைவர்மார் ஸ்ட்ரைக் பண்ணின பொறவு, 2024 ஜூலை 1ல புது சட்டம் அமலுக்கு வந்தப்பம் அந்த ஒரு பிரிவ மட்டும் நிறுத்தி வெச்சாங்க. அது எப்படி இருந்தாலும் அடிபட்டவன ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும், போலீசுக்கு சொல்லணும்ங்கது எப்பவுமே சட்டம். கூட்டம் கூடி அடிக்க வந்தா அங்க நிக்காம நேரா பக்கத்து ஸ்டேஷனுக்குப் போயி சொல்லிரு, 112க்கு போன் போட்டா ரெக்கார்டும் ஆகும், ஹைவேல 1033. இந்த ரெண்டு நம்பரையும் அவ போன்லயும் போட்டு வை, ஓனர் நம்பரும், வண்டி நம்பரும் அவகிட்ட இருக்கணும். ஓட்டும்போது அவ போன எடுக்காத, அத மொதல்லயே சொல்லி வெச்சிரு, நிறுத்தினதும் நீயே கூப்பிடு.